குல்ஷன் வீட்டுப் புகை மிஷின்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருக்கும் பூர்ணா ஃபிளாட்ஸில் மொத்தம் ஒன்பது வீடு. ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரு மோட்டார், ஒரு மொட்டை மாடி, ஒரு நெபுலைசர். மோட்டாருக்கும் மொட்டை மாடிக்கும் அசோசியேஷனில் விதிமுறை உண்டு. நெபுலைசருக்கு எந்த விதியும் கிடையாது. அது முதல் மாடி குல்ஷனுடையது. ஆனால் மழைக்காலத்தில் அதை அவள் வீட்டில் பார்ப்பது அபூர்வம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எல்லா வீட்டிலிருந்தும் இருமல் கேட்க ஆரம்பித்துவிடும். முதலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், அப்புறம் அவர்களைத் தூக்கிக் கொஞ்சியவர்கள், கடைசியாகப் பெரியவர்கள். இந்தப் பக்கத்தில் ரயில் நிற்கிற ஸ்டேஷனுக்கே நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியை வைத்துத்தான் சானடோரியம் என்று பெயர் வந்தது. தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்கள் யாரும் அதை நினைப்பதில்லை. இருமினால் குளிர்ந்த காற்று என்பார்கள், தண்ணீர் மாறியது என்பார்கள், ஐஸ்கிரீம் என்பார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்தது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் யாரோ ஒருவரைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும் அல்லவா.

நெபுலைசர் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. புகை மிஷின். சின்ன டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பிளக்கில் செருகினால் மிக்ஸி மாதிரி இரையும். குழாயின் நுனியில் ஒரு கிண்ணி. அதில் மருந்தை ஊற்றி, மேலே மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பிளாஸ்டிக் மாஸ்க்கை மாட்டி, முகத்தில் வைத்துப் பிடித்தால் மருந்து புகையாகி நெஞ்சுக்குள் இறங்கும். இழுத்துக்கொண்டிருந்த மூச்சு கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். டாக்டர் எழுதிய மருந்தை அவரவர் வாங்கிக்கொள்வார்கள். மிஷினுக்கு குல்ஷன் வீட்டு பெல்லை அழுத்துவார்கள்.

மகள் ஃபாயிசாவுக்கு எல்.கே.ஜி.யிலேயே இழுப்பு வந்ததால் வாங்கிய மிஷின் அது. ஃபாயிசா வளர்ந்து, இழுப்பு போய், காலேஜுக்கும் போய்விட்டாள். மிஷின் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் குல்ஷன் கொடுத்தாள். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். மிஷின் பாத்திரமில்லை என்று பூர்ணா ஃபிளாட்ஸில் யாருக்கும் தோன்றவில்லை. அட்டைப் பெட்டிக்குள் வயர் சுருளுக்குப் பக்கத்தில் நாலு எலுமிச்சம்பழம் வரும். ஒரு பிடி முருங்கைக்கீரை வரும். தீபாவளி ஒட்டி வந்தால் முறுக்கும் அதிரசமும் வரும். "இழுப்பு யாருக்கோ, பலகாரம் நமக்கு" என்று அவள் கணவன் அத்தாவுல்லா கிண்டல் செய்வான். வீடு வீடாகப் போய் ஏசி பழுது பார்க்கிறவன். எங்கே போனாலும் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளாத ஆள். குல்ஷன் அப்படி இல்லை. கொடுக்கவும் தெரியும், வாங்கவும் தெரியும், ஒன்பது வீட்டுக்கும் தான் வேண்டியவள் என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் அந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தபோது யாரும் வந்து ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. சண்டை போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. படியில் எதிரே பார்த்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள், அவ்வளவுதான். அப்போது அசோசியேஷன் செக்ரட்டரி தரைத்தளத்து வைத்தீஸ்வரன். டெலிபோன் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர், கணக்கில் கறார், மூச்சில் பலவீனம். வீட்டை விற்றவரிடம் "வேற பார்ட்டி கிடைக்கலையா சார்?" என்று அவர் கேட்டது சுற்றிச் சுற்றி குல்ஷன் காதுக்கு வந்தது. அவள் அத்தாவுல்லாவிடம்கூட சொல்லாமல் மனதில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் இழுப்பு வந்தவருக்கு எந்தப் பார்ட்டி என்று பார்க்க நேரம் இருக்காது. ஒரு மார்கழிக் காலையில் வைத்தீஸ்வரனுக்கு மூச்சு முட்டிவிட்டது. மேலே ஒரு பெண் பிள்ளைக்குப் புகை மிஷின் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவர் மனைவி சந்திரிகா படியேறி வந்து முதல் முறையாக குல்ஷன் வீட்டு வாசலில் நின்றாள். குல்ஷன் மிஷினைத் தூக்கிக்கொண்டு தானே கீழே ஓடினாள். எப்படி ஊற்றுவது, எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தாள். அவருக்கு மூச்சு இறங்கியது. மாமி, மாமி என்று அவள் கூப்பிட ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

மறு வாரமே ஒரு வினை வந்தது. ஏதோ வேலையாகக் கீழே போன குல்ஷன், சந்திரிகா வீட்டு சமையலறை ஜன்னலில் புத்தம் புது மாஸ்க் ஒன்று தொங்குவதைப் பார்த்தாள். மிஷின் மட்டும் தன்னுடையது, மாஸ்க் தன்னுடையதில்லை. தன் வீட்டு மாஸ்க் பெட்டிக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் எச்சில் பார்ப்பது அதிகம் என்று அவளுக்குத் தெரியும். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள். ஒருவர் கடித்த முறுக்கை இன்னொருவர் தொடமாட்டார்கள். ஆனால் இது அந்த எச்சில் இல்லை, வேறு என்று அவள் மனம் சொன்னது.

வேறொருத்தியாக இருந்தால் விழுங்கிக்கொண்டு போயிருப்பாள். குல்ஷனுக்கு அது வராது. படியில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"மாமி, எங்க வூட்டு மாஸ்க்ல இன்னா ஒட்டிக்கினு இருக்குதுன்னு புதுசு வாங்கினீங்க?"

சந்திரிகாவின் முகம் வெளிறிப்போனது. "அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. மெடிக்கல் ஷாப்ல மருந்தோட அவனே சேர்த்துக் குடுத்துட்டான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு குல்ஷன் மேலே ஏறிப் போய்விட்டாள். சரியில்லை என்பது அந்தச் சரியிலேயே தெரிந்தது. அதற்கப்புறம் அந்தப் புது மாஸ்க்கை யாரும் பார்க்கவில்லை. அடுத்த தடவை மிஷின் கீழே போனபோது குல்ஷன் வீட்டு மாஸ்க்கைத்தான் வைத்தீஸ்வரன் முகத்தில் சந்திரிகா வைத்துப் பிடித்தாள். குல்ஷன் கண்ணெதிரிலேயே பிடித்தாள். அன்றைக்கு மேலே வந்து குல்ஷன் கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில். தண்ணீருக்கு எச்சில் பார்க்கிறவர்கள் தன் வீட்டு மாஸ்க்குக்குப் பார்க்கவில்லையே. பாவம், நல்ல மனுஷியைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு அந்த ஒரே மாஸ்க் ஒன்பது வீட்டிலும் ஏறி இறங்கியது. மருந்துக்கு ஏது எச்சில் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தார்கள் என்பதுகூட அதிகம், யாரும் யோசிக்கவே இல்லை. கொரோனா வருஷங்களில் மட்டும் மிஷின் பரணுக்குப் போனது. கறிகாயை சோப்புப் போட்டுக் கழுவிய அதே ஜனங்கள், அது ஓய்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடியும் பெல்லை அழுத்தினார்கள். குல்ஷனும் பரணிலிருந்து ஆசையாக இறக்கினாள். வந்த மாஸ்க்கை வெந்நீரில் அலசி ஜன்னலில் காயவைப்பது அவள் வழக்கம். நேரம் இருந்தால்.

இந்த வருஷம் நேரம் இருக்கவில்லை. ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் எட்டிப் பார்த்த வாரம் அது. இரண்டாவது மாடி தமிழினியின் சின்ன மகளுக்குக் காய்ச்சலும் இருமலும். தமிழினி மேடவாக்கம் தாண்டி ஐடி கம்பெனிக்குப் போகிறவள். வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைக்குப் புகை வைத்தாள். காலையில் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள், உள்ளே இரண்டு கொய்யாப்பழம். பெட்டி குல்ஷன் கையிலிருந்து கீழே இறங்கக்கூட இல்லை, சந்திரிகா மூச்சிறைக்க வாசலில் நின்றாள்.

"குல்ஷன், அவருக்கு ரொம்ப இழுக்கறது. சீக்கிரம் குடு."

மாஸ்க்கின் உள்பக்கம் இன்னும் ஈரம் இருந்தது. நைட்டிமேல் போட்டிருந்த துப்பட்டாவின் முனையால் குல்ஷன் அதைத் துடைத்தாள். "பிடிங்க மாமி" என்று கொடுத்தாள். கொய்யாப்பழத்தை எடுத்துக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

வைத்தீஸ்வரனுக்கு அன்றைக்கு இழுப்பு நின்றது. அடுத்த சில நாளில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்தவர், சாப்பிட மாட்டேன் என்றார், பேச்சு குழறியது, உதடு நீலமானது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளுயன்சா என்று வந்தது, நுரையீரலில் நிமோனியா. ஆக்ஸிஜன் வைத்து ஐசியுவில் படுக்கவைத்துவிட்டார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். பூர்ணா ஃபிளாட்ஸில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்று மத்தியானம் தமிழினி குல்ஷன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, பாப்பாவுக்கும் அதே ஃப்ளூதான். டெஸ்ட் ரிசல்ட் வந்திருச்சு. நெபு யார் மாஸ்க்ல வச்சீங்கன்னு டாக்டர் கேட்டாரு. சொன்னேன். பயங்கரமா திட்டிட்டாரு. ஆளுக்கு ஆள் தனி மாஸ்க் இருக்கணுமாம். காத்துல பரவுற வியாதி, படியிலகூட ஒட்டியிருக்கலாம், ஆனா மாஸ்க்கை மாத்தி வைக்கிறது கிருமியைக் கையில குடுக்கிற மாதிரின்னாரு." தமிழினியின் கண் கலங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அசோசியேஷன் குரூப்ல என்னைக் கிழிச்சிடுவாங்க."

தமிழினி போனபிறகு குல்ஷன், கீழேயிருந்து திரும்பி வந்திருந்த அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா முனையால் துடைத்தது கண்ணிலேயே நின்றது. பத்து வருஷமாக அவளை அந்தக் கட்டடத்தோடு சேர்த்துவைத்த சாமான் அது. அதுதான் ஒரு மனுஷனைக் கொண்டுபோய் அங்கே படுக்கவைத்திருக்கிறது என்றால், இனி இந்தப் படியில் எந்த முகத்தோடு இறங்குவது? சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுவும் அவளைக் குடைந்தது.

சாயங்காலம் அத்தாவுல்லாவிடம் சொன்னாள். அவன் கையில் இருந்த ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"இப்ப இன்னா பண்ணலாம்னு கீறே?"

"மாமிகிட்ட சொல்லணும்."

"சொல்லி? அவரு எழுந்து உக்காந்துடுவாரா? நீ வேணும்னா செஞ்சே? உதவிதானே செஞ்சே."

"எனுக்கு மனசு கேக்கலைங்க."

"இதோ பாரு குல்ஷன். தமிழினி வூட்லருந்து வந்துச்சுன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான். உன் மிஷின்ல வந்துச்சுன்னுதான் சொல்லுவான். கொரோனா டைம்ல இதே படியில நம்மள எப்பிடிப் பாத்தாங்க, மறந்துட்டியா? நீ மறந்திருப்பே. நான் மறக்கல." அவன் கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் எழுந்து தொழுதாள், சமைத்தாள், ஃபாயிசாவை அனுப்பினாள். பிறகு புர்காவை மாட்டிக்கொண்டு, கடையில் வாங்கும் சாதாரண துணி மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில் இரண்டு தயிர்சாதப் பொட்டலம் வாங்கினாள். தன் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோய் இந்த நேரத்தில் மாமியை சங்கடப்படுத்தக்கூடாது என்று நினைத்தாள். ஒரு ஸ்டேஷன் தூரம்தான் ரயில், அதற்குள் இருபது விதமாக எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். ஒன்றும் உருப்படியாக அமையவில்லை.

ஐசியுவுக்கு வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் சந்திரிகா தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை, புடவை கசங்கியிருந்தது. குல்ஷனைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"வந்துட்டியா? இன்னிக்குக் கொஞ்சம் தேவலை. ஆக்ஸிஜனைக் குறைச்சிருக்கா. கண்ணைத் திறந்து, மோட்டாரை அணைச்சியான்னு கேக்கறார். நாளைக்கு வார்டுக்கு மாத்திடுவாளாம்."

குல்ஷனுக்கு உயிர் வந்தது. அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது. அவர்தான் பிழைத்துவிட்டாரே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? அத்தாவுல்லா சொன்னதுபோல் விட்டுவிடலாமே. தயிர்சாதத்தைக் கொடுத்துவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டு, நல்லபடியாக வீட்டுக்குப் போகலாம். எல்லாம் பழையபடி இருக்கும். அவள் பொட்டலத்தைக்கூட நீட்டிவிட்டாள். மாமி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்த மிஷின்தான் அன்னிக்கு அவரைக் காப்பாத்தினது" என்று சொன்ன பிறகு அவளால் முடியவில்லை.

"காப்பாத்தல மாமி. அதுலதான் வந்துச்சு." அவள் நின்றபடியே, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். தமிழினியின் குழந்தைக்கு வைத்த மாஸ்க், கழுவவில்லை, துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தேன், குழந்தைக்கும் இதே காய்ச்சல், டாக்டர் திட்டினார். "என்னைத் திட்டுங்க மாமி. தமிழினியை ஒண்ணும் சொல்லாதீங்க, அது சின்னப் பொண்ணு."

சந்திரிகா அவள் கையை விடவில்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். குல்ஷன் உட்கார்ந்தாள்.

"நீ துடைச்சதை நான் பார்த்துண்டுதானே நின்னேன்" என்றாள் சந்திரிகா. "இங்க சேர்த்த அன்னிக்கே மாஸ்க் யாரோடதுன்னு டாக்டர் கேட்டார். நானும் சொன்னேன். அப்பவே நேக்குப் புரிஞ்சுடுத்து."

"அப்ப தெரிஞ்சும்..."

"ஆத்துல தனி மாஸ்க் இருக்குடி. அப்ப வாங்கினதுதான். பீரோல புடவைக்கு அடியில வச்சிருக்கேன். அன்னிக்கு எடுத்து மாட்டியிருக்கலாம். இத்தனை வருஷத்துல எப்ப வேணும்னாலும் எடுத்திருக்கலாம். நீ எப்ப உள்ள வருவியோ, பார்த்தா மனசு நொந்துடுவியோன்னு எடுக்கவே இல்ல."

குல்ஷனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய ரோஷம் எவ்வளவு தூரம் வந்து எங்கே நிற்கிறது. "அப்ப என்னாலதான் மாமி. அன்னிக்குப் படியில நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கணும். நீங்க பாவம், சுத்தமா இருக்கட்டும்னு வாங்கினதைப் போயி நான் தப்பா நினைச்சு..."

ஐசியு கதவு திறந்து மூடியது. ஒரு நர்ஸ் டிரேயோடு போனாள். சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தோடு முடிந்துவிடும். குல்ஷன் எல்லாப் பழியையும் தானாகவே எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"சுத்தத்துக்காக வாங்கல" என்றாள் சந்திரிகா.

குல்ஷன் அவளைப் பார்த்தாள்.

"அப்ப கிருமியை நான் நினைக்கவே இல்ல. மெடிக்கல் ஷாப்காரன் குடுக்கவும் இல்ல. நானா போய்க் கேட்டு வாங்கினேன். நீ என்ன நினைச்சியோ, அதுக்காகத்தான் வாங்கினேன். நீ தப்பா நினைக்கல."

குல்ஷன் எழுந்தாள். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த ஜன்னல் வரை போனாள். கீழே ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கே ஆறிப்போயிருக்க வேண்டிய கோபம், தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று இத்தனை வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டு அமுக்கிவைத்த கோபம், இப்போது புதுசாக வந்து நின்றது. லிஃப்ட் பக்கத்திலேயே இருந்தது. ஏறினால் வீடு. அத்தாவுல்லாவிடம் சொன்னால், நான் அப்பவே சொல்லலையா என்றுகூடக் கேட்கமாட்டான். பேசாமல் டீ போட்டுக் கொடுப்பான்.

அவள் லிஃப்ட் வாசலில் நின்றாள், ஏறவில்லை. தப்பான காரணத்துக்காக ஒரு நாள் சரியானதைச் செய்தவள் மாமி, அப்புறம் பிரியத்தால் தப்பானதைச் செய்து புருஷனைப் பறிகொடுக்கப் பார்த்தாள். இப்போது யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லாத ஒன்றை வலிய எடுத்து குல்ஷன் கையில் கொடுத்திருக்கிறாள். மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய். போய்விட்டால் அதுவும் பொய்தான். அந்த அம்மாள் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி வந்தாள். நாற்காலியில் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து சந்திரிகாவின் மடியில் வைத்தாள்.

"மெஸ்ல வாங்கினது. சாப்பிடுங்க."

"கோபமாடி?"

"ஆமா. கோபந்தான். சாப்பிடுங்க."

சந்திரிகா பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பப் போகும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குல்ஷன் கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியல மாமி. போனதும் வந்து சொல்றேன்."

சந்திரிகா தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தாள்.